களையை வெல்லும் காகிதம்

பள்ளி விடுமுறைக்கு முன்பு மாணவர்கள் பாத்தி கட்டி, மிளகாய், கத்தரி, வெண்டைக் கன்றுகளை வரிசையாக நட்டுச் செல்கின்றனர். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்க்கும்போது கன்றுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை செத்துப்போகவில்லை. அடர்ந்து வளர்ந்துவிட்ட புல் பூண்டுகளுக்கு நடுவே, இலை வெளுத்து, தண்டு மெலிந்து மறைந்து நிற்கின்றன. மலேசியாவில் தோட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறிக் கிடைக்கும் நாட்டில், நட்ட செடியைவிட நடாத செடியே வேகமாக வளர்கிறது.

இந்நிலையில் பலருக்கும் இரண்டு வழிகளே நினைவுக்கு வருகின்றன. குனிந்து கையால் பிடுங்குவது ஒன்று. கடையில் களைக்கொல்லி வாங்கித் தெளிப்பது மற்றொன்று. முதல் வழியில் முதுகு வலிக்கிறது. பிடுங்கிய இடத்திலேயே அடுத்த வாரம் மீண்டும் களை முளைக்கிறது. இரண்டாவது வழியில் பணமும் செலவாகிறது; நச்சும் மண்ணில் இறங்குகிறது. ஆனால், மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கிடக்கின்றன. படித்து முடித்த நாளிதழ், இணையத்தில் வாங்கிய பொருள் வந்த அட்டைப்பெட்டி, முற்றத்தில் உதிர்ந்த இலை, துருவி முடித்த தேங்காயின் மட்டை ஆகியவையே அப்பொருள்கள்.

களை என்பது யாது?

வேண்டாத இடத்தில் வளரும் செடியே களை எனப்படும். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டு விளையாடாத சிறுவர்கள் இல்லை. அதே தொட்டாற்சிணுங்கி மிளகாய்ப் பாத்தியில் படரும்போது களையாகிவிடுகிறது. களை, பயிருடன் ஒளி, நீர், சத்து, இடம் ஆகிய நான்கிற்கும் போட்டியிடுகிறது. பயிர் இளங்கன்றாக இருக்கும்போதுதான் இப்போட்டி கடுமையாக இருக்கும். அப்போது பின்தங்கிவிடும் பயிர், பிறகு எவ்வளவு உரமிட்டாலும் எளிதில் தேறுவதில்லை.

சுத்தமாகக் கொத்திய மண்ணில் களை எங்கிருந்து வருகிறது என்னும் ஐயம் எழலாம். காற்றும் பறவைகளும் விதைகளைக் கொண்டு வருகின்றன என்பது உண்மையே. ஆயினும், பெரும்பாலான களைவிதைகள் மண்ணுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கின்றன. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்னும் தாவரவியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இருபது குப்பிகளில் மணலுடன் பலவகைச் செடிகளின் விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குப்பியைத் தோண்டியெடுத்து விதைகளை முளைக்க வைப்பதே அவ்வாய்வின் முறை. பீல் மறைந்த பின்னும் அடுத்தடுத்த தலைமுறை அறிஞர்கள் அதைத் தொடர்ந்தனர். 2021ஆம் ஆண்டில் எடுத்த குப்பியிலிருந்த விதைகளுள் சில, ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்தன.

எல்லாக் களைவிதைகளும் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதில்லை. எனினும், பல விதைகள் சில ஆண்டுகளாவது மண்ணில் காத்திருக்கின்றன. அவற்றுள் சிறிய விதைகள் பலவற்றிற்கு முளைக்க ஒளி தேவை. மண்வெட்டியால் மண்ணைப் புரட்டும்போது, அடியில் இருண்ட இடத்தில் கிடந்த விதைகள் மேலே வருகின்றன. ஒளி பட்டதும் அவை விழித்துக்கொள்கின்றன. ஆகவே, களையை ஒழிக்க மண்ணைக் கொத்துபவர் தம்மை அறியாமலே அடுத்த களைக்கு வழி திறந்துவிடுகிறார்.

இருட்டின் வேலை

களையை அடக்கும் எளிய வழி, அதற்குக் கிடைக்கும் ஒளியைத் தடுப்பதாகும். மண்ணின் மேற்பரப்பைக் காகிதம், இலை, வைக்கோல் போன்றவற்றால் மூடிவைப்பதை வேளாண்மையில் ‘மூடாக்கு’ என்பர்.

மூடாக்கு இரண்டு வகையில் களையைத் தடுக்கிறது. முதலாவதாக, ஒளி தேவைப்படும் விதைகள் அதன் அடியில் முளைப்பதில்லை. இரண்டாவதாக, ஏற்கெனவே வளர்ந்திருக்கும் களைகளும், இருட்டில் முளைத்துவிடும் களைகளும் பட்டினி கிடக்கின்றன. பச்சை இலை ஒளியைக் கொண்டுதான் தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கிறது. ஒளி இல்லையேல், வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்துத்தான் செடி வாழவேண்டும். சேமிப்பு தீர்ந்ததும் செடி வாடி மடிகிறது. மடிந்த செடியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மட்கச் செய்து உரமாக்குகின்றன. இவ்வாறு, பயிரின் சத்தைத் திருடிய களையே முடிவில் பயிருக்கு உணவாகிறது.

மூடாக்கினால் வேறு நன்மைகளும் உண்டு. சுடுவெயிலில் மண்ணின் ஈரம் விரைவில் வற்றாமல் அது காக்கிறது. கனமழையில் மேல்மண் கரைந்தோடுவதையும், சேற்றுத்துளிகள் தெறித்து இலைகளில் நோய் பரவுவதையும் குறைக்கிறது. காகிதமும் அட்டையும் மரநாரால் ஆனவை. எனவே, அவை நாளடைவில் மட்கி மண்ணோடு கலந்துவிடுகின்றன. ஈரமான அட்டையின் அடியில் மண்புழுக்கள் பெருகுவதையும் காணலாம்.

தோட்டப்புறம் கற்றுத்தந்த பாடம்

மூடாக்கு மலேசியாவிற்குப் புதிய முறையன்று. ரப்பர்த் தோட்டங்களில் இளமரங்களுக்கு இடையே அவரை இனத்தைச் சேர்ந்த கொடிகளைப் படரவிடுவது நெடுநாள் வழக்கம். அக்கொடிகள் தரையை மூடிக் களையைத் தடுத்தன. மண் அரிப்பைக் குறைத்தன. வேர்முடிச்சுகளின் மூலம் மண்ணுக்கு நைட்ரஜன் சத்தையும் சேர்த்தன. செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை மரவரிசைகளுக்கு இடையே அடுக்கிவைக்கின்றனர். பழங்களைப் பிரித்தெடுத்த பிறகு ஆலையில் எஞ்சும் வெறுங்குலைகளையும் மரங்களைச் சுற்றிப் பரப்புகின்றனர்.

அதே தோட்டங்களில் மற்றொரு வழியும் பின்பற்றப்பட்டது. அதுதான் நச்சு மருந்து தெளிக்கும் வழி. தெளிப்புக் கலனை முதுகில் சுமந்து, வரிசை வரிசையாக நடந்து களைக்கொல்லி தெளித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். அவர்கள் தெளித்த மருந்துகளுள் ஒன்று பாராகுவாட். அதைச் சிறிதளவு விழுங்கினாலும் உயிர் போகக்கூடும். அந்நச்சை முறிக்கும் மாற்றுமருந்தும் இல்லை. உடலில் படிந்தவர்களுக்குத் தோல் எரிச்சல், நகச் சிதைவு, மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் போன்ற துன்பங்கள் ஏற்பட்டன. பல ஆண்டு விவாதத்திற்குப் பிறகு, 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் பாராகுவாட் தடைசெய்யப்பட்டது.

வேறு களைக்கொல்லிகள் இன்றும் விற்கப்படுகின்றன. பெரிய தோட்டங்களில் அவற்றை முறையான பயிற்சியுடனும் பாதுகாப்பு உடையுடனும் பயன்படுத்துகின்றனர். ஆனால், சிறுவர்கள் ஓடியாடும் பள்ளித் தோட்டத்திற்கும், பாட்டி செருப்பில்லாமல் நடந்து கறிவேப்பிலை பறிக்கும் வீட்டுத் தோட்டத்திற்கும் அவை ஏற்றவை அல்ல. அங்கே ஒரு கட்டுப் பழைய நாளிதழே போதுமானது.

எவை உதவும்? எவை உதவா?

வீட்டில் எஞ்சும் எல்லாப் பொருளையும் மண்ணில் போட்டுவிடக் கூடாது. மட்கக்கூடிய பொருளா, மண்ணைக் கெடுக்காத பொருளா என்னும் இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாதாரண நாளிதழ்த்தாளும், பழுப்புநிற அட்டைப்பெட்டியும் மிகப் பொருத்தமானவை. அட்டையில் ஒட்டியுள்ள நெகிழி நாடா, முகவரித்தாள், கம்பி ஆகியவற்றை முதலில் அகற்றிவிட வேண்டும். சணலால் ஆன சாக்குப்பையும், முழுவதும் பருத்தியாலான பழைய துணியும் உதவும். ஆனால், இன்றைய அரிசிப்பைகளுள் பல நெகிழி இழையால் நெய்யப்பட்டவை. வெயிலில் காயக்காய அவை நூல்நூலாகப் பிரிந்து மண்ணில் கலந்துவிடும். பின்பு அவற்றைப் பொறுக்கியெடுப்பது களை பிடுங்குவதைவிடக் கடினம்.

வழவழப்பான இதழ்த்தாள், நெகிழிப் பூச்சுள்ள பால்பெட்டி, காகிதக் குவளை ஆகியவை எளிதில் மட்குவதில்லை. எண்ணெய்க் கறை படிந்த உணவுப்பெட்டி எறும்பையும் எலியையும் வரவழைக்கும். கடைகளில் தரும் பற்றுச்சீட்டுகள் பல இரசாயனம் பூசப்பட்ட தாளால் ஆனவை. எனவே, அவற்றையும் தவிர்க்க வேண்டும். விழாக்களுக்குப் பயன்படுத்திய பதாகைகளைப் பாத்தியில் விரிப்பவர்களும் உள்ளனர். அவை ஒளியை நன்றாகத் தடுத்தாலும், உணவுப்பயிர் வளரும் மண்ணுக்கு நெகிழியாலான அப்பதாகைகள் உகந்தவை அல்ல.

ஒரு தாள் பொருத்தமானதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அதன்மீது ஒரு சொட்டு நீர் விட்டுச் சற்று நேரம் காத்திருக்கலாம். நீர் ஊறி இறங்கினால் அது உதவும். முத்துப்போல் உருண்டு நின்றால் உதவாது.

செய்யும் முறை

முதலில், களைகளைத் தரையோடு ஒட்டி வெட்டவேண்டும். வேரோடு பிடுங்கத் தேவையில்லை. விதை முற்றிய களைகளை மட்டும் பாத்தியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். மற்றவற்றை அங்கேயே போட்டுவிடலாம்.

அடுத்து, மண் நனையுமாறு நீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால், மேலே ஊற்றும் நீர் உள்ளே இறங்க நெடுநேரமாகும்.

பிறகு, நாளிதழாக இருந்தால் 6 முதல் 10 தாள் கனத்திற்கும், அட்டையாக இருந்தால் ஓர் அடுக்காகவும் விரிக்க வேண்டும். ஒன்றின் ஓரம் மற்றொன்றின்மீது குறைந்தது 15 சென்டிமீட்டர் ஏறியிருத்தல் நலம். பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். களைக்கு விரல் அகல இடைவெளி போதும். அதன் வழியே ஒளியைத் தேடி அது வெளியே வந்துவிடும்.

விரித்ததும் தாளை நன்றாக நனைக்க வேண்டும். நனைந்த தாள் மண்ணோடு படிந்துவிடும், காற்றில் பறக்காது. அதன்மேல் காய்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய தேங்காய் மட்டை, காயவைத்த புல் ஆகியவற்றுள் ஒன்றை 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்பவேண்டும். இந்த மேல்போர்வை தாளை வெயிலிலிருந்து காக்கிறது. வெறும் தாளாக விட்டால் வெயிலில் முறுகிக் கிழிந்துவிடும்.

கன்று நடும் இடத்தில் மட்டும் தாளைக் கத்தியால் சிலுவை வடிவில் கீறி, சிறு குழியெடுத்து நடலாம். தண்டைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவு இடம் விட்டு மூடாக்கு இடவேண்டும். ஈரமான இலைகள் தண்டோடு ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகிவிடும்.

மிளகாய், கத்தரி, வெண்டை, தக்காளி போன்று கன்றாக நடும் பயிர்களுக்கு இம்முறை ஏற்றது. விதையைத் தூவி வளர்க்கும் கீரைக்கு இது பொருந்தாது. களைவிதை எது, கீரைவிதை எது என்று காகிதத்திற்குத் தெரியாது. இரண்டையும் அது ஒன்றாகவே தடுத்துவிடும்.

விழிப்புடன் இருக்க வேண்டியவை

எந்த முறைக்கும் எல்லை உண்டு. கோரைப்புல்லின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோல் தொடர்ந்து கிடக்கும். உலகின் மிகக் கொடிய களை என்று அறிஞர்கள் அதைக் குறிப்பிட்டுள்ளனர். லாலாங் புல்லின் தரையடித்தண்டு ஊசிபோல் கூர்மையானது. இவ்விரண்டும் நாளிதழைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இவை உள்ள இடத்தில் கனத்த அட்டையை இரண்டு அடுக்காக விரித்து, சில மாதங்கள் எதையும் நடாமல் விடவேண்டும். எட்டிப் பார்க்கும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட்டால் கிழங்கின் சேமிப்பு குறைந்துகொண்டே வரும். ஒரே முறையில் அவை அழிந்துவிடும் என எதிர்பார்க்கக் கூடாது.

கறையான் மரநாரை விரும்பி உண்ணும். ஆகவே, வீட்டுச் சுவரையோ மரக்கதவையோ ஒட்டி அட்டை விரிக்கக் கூடாது. ஈரமும் நிழலும் நத்தைகளுக்கும் பிடிக்கும். காலையில் மூடாக்கை இலேசாகத் தூக்கிப் பார்த்து அவற்றை அகற்றுவது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கொசு. ஏடிஸ் கொசு சிறிதளவு தேங்கிய நீரிலும் முட்டையிடும். முட்டை முழுக் கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். காகிதமும் அட்டையும் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அவற்றில் நீர் தேங்குவதில்லை. ஆனால், சுருக்கம் விழுந்த நெகிழி விரிப்பிலும், நிமிர்ந்து கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் மழைநீர் தங்கும். சிரட்டையைப் பாத்தியில் பயன்படுத்துவோர் அதைக் கவிழ்த்தே வைக்கவேண்டும். களையை ஒழிக்கப் போய் டிங்கியை வளர்த்துவிடக் கூடாது.

நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் தாள் விரைவில் மட்கிவிடும். நாளிதழ் சில மாதங்களில் கரைந்துபோகும். அட்டை அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அதன் பிறகு மூடாக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

நீலத் தொட்டியா? தோட்டமா?

தாளையும் அட்டையும் மறுசுழற்சிக்கு அனுப்புவதே முறையல்லவா என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. மலேசியாவில் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து, கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மறுசுழற்சித் தொட்டிகளுள் நீலநிறத் தொட்டி காகிதத்திற்கு உரியது.

உலர்ந்த, தூய்மையான காகிதம் மீண்டும் காகிதமாக முடியும். அதை நீலத் தொட்டியில் போடுவதே சிறப்பு. மழையில் நனைந்த பெட்டி, கிழிந்து நைந்த அட்டை, மண் படிந்த நாளிதழ் போன்றவற்றை மறுசுழற்சி நிலையங்கள் விரும்புவதில்லை. அத்தகையவை பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே செல்கின்றன. மண்ணுக்கோ அவை ஒரு குறையும் இல்லாதவை. உதிர்ந்த இலைகளும் அப்படியே. அவற்றைக் குவித்து எரிப்பது புகைமூட்டத்தைக் கூட்டுவதோடு, திறந்தவெளி எரிப்பைத் தடுக்கும் சட்டத்திற்கும் புறம்பானது. எரித்தால் புகை, பரப்பினால் உரம்.

செய்து பார்த்தால் தெளியும்

இம்முறை எந்த அளவு பயன் தருகிறது என்பதைப் பள்ளித் தோட்டத்திலேயே அளந்து பார்க்கலாம். ஒரே அளவு வெயில் படும் பாத்தியில், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட மூன்று சதுரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சதுரத்தை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவதில் நாளிதழையும் மூன்றாவதில் அட்டையையும் விரித்து, இரண்டின்மீதும் ஒரே அளவு காய்ந்த இலைகளைப் பரப்ப வேண்டும். மூன்றுக்கும் ஒரே அளவு நீர் ஊற்ற வேண்டும். வாரந்தோறும் ஒரே நாளில், ஒவ்வொரு சதுரத்திலும் தலைகாட்டும் களைகளை எண்ணி அட்டவணையில் குறித்துவர வேண்டும். எட்டு வாரத்திற்குப் பிறகு அவ்வட்டவணையே விடை கூறும். எதிர்பார்த்ததற்கு மாறான எண்ணிக்கை வந்தாலும் அதை மாற்றாமல் எழுதுவதுதான் ஆய்வு. அட்டையின் ஓரத்தில் விட்ட இடைவெளியோ, மண்ணில் ஒளிந்திருந்த கோரைக்கிழங்கோ அதற்குக் காரணமாக இருக்கலாம். காரணத்தைத் தேடுவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

களை முற்றாக ஒழிந்துபோன தோட்டம் எங்கும் இல்லை. மண் உயிரோடு இருக்கும்வரை அதில் ஏதேனும் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். இளங்கன்று வேரூன்றித் தலைநிமிரும் வரை களையைத் தள்ளி நிறுத்திவைத்தால் போதும். அதன்பின் பயிரின் சொந்த நிழலே எஞ்சிய வேலையைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பும்போது, ஈர இலைகளுக்கு நடுவே மிளகாய்க் கன்றுகள் வரிசை மாறாமல் நிற்கும். அவற்றின் வேரடியில், என்றோ படித்து முடித்த செய்தித்தாள் எழுத்து மங்கி மண்ணாகிக்கொண்டிருக்கும்.